சேமியா வார்

சிம்மீஸ் என்று சொன்னதும் உங்களில் யார் யார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரியுங்கள். முழங்கால் வலிக்கு என்ன தைலம், சர்க்கரைக்கு எந்த மாத்திரை என்று பேசிக்கொண்டிருக்கும் நமக்குச் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது. கவுனுக்குள்ளே, யூனிஃபார்முக்குள்ளே, பாவாடை சட்டைக்குள்ளே நாமெல்லாம் அதைப் போட்டுத்தான் வளர்ந்தோம். வார் நழுவிச் சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தால், பின்பெஞ்சுக்காரி ஒரு சுண்டு சுண்டி உள்ளே தள்ளுவாள். அந்தத் தோள் வாரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பில் தொடங்கினாலும் இது சிரிப்பில் முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டை ரோட்டில் எங்களுக்கு நிலம் இருந்தது. வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும் போடுவார். மோட்டாருக்குக் கரண்ட் எப்போது விடுகிறானோ அப்போது அவர் நிலத்தில் இருக்க வேண்டும், அதனால் பெரும்பாலும் நாங்கள் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போயிருப்பார். வீட்டில் அம்மா, நான், என்னைவிடச் சிறிய தங்கை. அப்புறம் அத்தை.

அத்தை நைனாவின் கூடப் பிறந்தவள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அவள் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். பேசப்போனவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தான், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’. முப்பதை நெருங்கிய பாப்பா. வந்த புதிதில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளக்கூட அவளுக்குக் கூச்சம். யாராவது உள்ளே நுழைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவாள். கூடப்பிறந்தவன் வீட்டில் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது, உங்களுக்கும் புரியும்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் காலை வண்டி பிடித்து அம்பத்தூருக்குப் போய்வருவாள். அங்கே துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் நிறைய. ஆள் கேட்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னதிலிருந்து அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தானாகக் கேட்க வாய் வரவில்லை. அம்மாதான் நைனா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தாள்.

நைனா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்டவர் இல்லை அவர், அதையும் சொல்லிவிட வேண்டும். ரசத்தைப் பிசைந்துகொண்டே, “அங்க இன்னா தெக்கிறாங்களாம்?” என்று கேட்டார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “சிம்மீஸுங்க. வெள்ளக்காரப் பொண்ணுங்களுக்கு.”

நைனா அத்தையைப் பார்த்தார். “அப்டியா?”

“ஆங்,” என்றாள் அத்தை.

“பொம்பளைங்க உள்ள போட்டுக்கிறத பொம்பளைங்கதான் தெக்கணும். ஆம்பளையா தெப்பான்?” என்று சொல்லிவிட்டு நைனா மோர் கேட்டார். அத்தை வேலைக்குப் போவது அப்படி முடிவானது. போதாததற்கு முதல்நாள் மொபெட்டில் உட்காரவைத்து ஸ்டேஷன்வரை அவரே கொண்டுபோய் விட்டார். நிலத்துக்காரர்கள் கேட்டால், “எந் தங்கச்சி எக்ஸ்போர்ட்ல கீறா” என்பார். அந்த எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

சாயங்காலம் அத்தை வரும்போது அவள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள்மீது மிஷின் எண்ணெய் வாசமும், புதுத்துணியைச் சூடாக இஸ்திரி போடும்போது வருமே, அந்த வாசமும் கலந்து அடிக்கும். தங்கையும் நானும் அவள் மடியில் படுத்துப் பஞ்சைப் பொறுக்குவோம். அத்தைக்குக் கொடுத்திருந்த வேலை வார் தைப்பது. மெல்லிசாக வெட்டிய துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து நீளமாகத் தைப்பாள். பிறகு நுனியில் கொக்கி வைத்த ஒரு நீளக் கம்பியை அதற்குள் விட்டு, மறுமுனையைப் பிடித்து வெளியே இழுப்பாள். தையல் உள்ளே போய், மழமழவென்று ஒரு கயிறு வரும். வீட்டில் பழைய புடவைக் கிழிசலில் ஒருநாள் செய்துகாட்டினாள். அவள் அந்தக் கம்பியை இழுக்கும்போது நாங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

“அதுக்கு இன்னா பேரு அத்த?”

“கம்பெனில நூடுல்ஸ்னு சொல்றாங்கடி.”

நூடுல்ஸை நாங்கள் டி.வி. விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. “சேமியா மாதிரி இருக்குமே, அது,” என்றாள் அத்தை. அதோடு எங்கள் வீட்டில் அது சேமியா வார் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ‘சேமியா’ என்று சொல்லி நாங்கள் இருவரும் சிரிப்போம், மற்றவர்கள் விழிப்பார்கள்.

பிறகு டேமேஜ் பீஸ்கள் வர ஆரம்பித்தன. ஒரு தையல் கோணினால், ஒரு பூ அச்சில் அழுந்தாமல் போனால், அந்த உடுப்பு கப்பல் ஏறாது. அதையெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அத்தை கொண்டுவந்ததில் ஒரு மஞ்சள் இருந்தது. எலுமிச்சம்பழ மஞ்சள், அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. நம் கடைச் சிம்மீஸ் நினைவிருக்கிறதா, அக்குளில் லேஸ் வைத்து, அரித்துப் பிடுங்கும். இது அப்படியில்லை. போட்டால் போட்டதே தெரியாது. என் தங்கை வெயில் காலம் முழுக்க வீட்டில் ஜட்டியும் அந்த மஞ்சள் சிம்மீஸுமாகத்தான் திரிந்தாள். நான் யூனிஃபார்முக்குள்ளே போட்டேன். உள்ளே போடுவதற்கு இவ்வளவு அழகாக ஏன் பூ போடுகிறார்கள் என்று மட்டும் எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் சந்தேகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீர்ந்தது. நைனா நிலத்தில். தங்கை தூங்கிப்போனாள். நான் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள், கதவு முழுதாகச் சாத்தவில்லை. அம்மா பீரோ கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். இடுப்பில் உள்பாவாடை, மேலே பெரியவர்கள் அளவில் ஒரு கருநீல உடுப்பு. சேமியா வார்.

“இத இப்டியே போட்டுகினு கடைக்குப் போவாங்களா?” என்றாள் அம்மா.

“கடைக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும்தான். எங்க சூப்பர்வைசர் போட்டோ காட்டுனாரே அண்ணி. மேல ஒண்ணுமே போடறதில்ல. சிம்மீஸுன்னு நீங்க அன்னிக்கு அண்ணங்கிட்ட சொன்னப்போ நானும் ஆங்னுட்டேன்.”

“வேற இன்னா சொல்றது. உள்ளதச் சொல்லியிருந்தா உட்டிருப்பாரா உங்கண்ணன்?”

அம்மா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்தாள். அம்மாவின் தோளை நான் முழுதாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகத்தைவிட ரொம்ப வெளுப்பு. கையில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதன்மேல் அந்த வார் தொட்டும் தொடாமலும் கிடந்தது. “ஐயையே, கண்றாவி,” என்று சொன்னாள், ஆனால் கழற்றவில்லை. பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, சத்தம் வெளியே வராமல் இருக்க ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, அத்தை தரையில் உட்கார்ந்தேவிட்டாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அந்தக் கருநீலத்தை அம்மா வெளியில் எங்கே போடுவாள். ஆனால் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது அத்தை ஒரு செய்தியோடு வந்தாள். கிருத்திகை லீவு முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளை சாம்பிள் தைக்கும் பகுதிக்கு மாற்றுகிறார்களாம். சாம்பிள் என்றால் ஒரு உடுப்பை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ஆள் தைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பான். ஒரு வருஷமாக வார் தைத்தவளை அங்கே கூப்பிடுவது சாதாரணமில்லை.

“இத்தினி நாளா வாரத்தான் தெச்சுகினு இருந்தேன் அண்ணா,” என்று நைனாவிடம் சொன்னாள். “முழுசா ஒண்ணு எங்கையால இன்னும் தெக்கல. திங்கக்கிழம தெப்பேன்.”

“தெய்யி, தெய்யி. ஊருக்கெல்லாம் தெய்யி,” என்றார் நைனா, சந்தோஷமாக. அத்தை அன்றைக்கு யாரையும் பார்க்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அந்தத் திங்கட்கிழமைக்காக அவள் எப்படிக் காத்திருந்தாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனாவுக்கும் தெரியும்.

அந்த வருஷம் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. விடியும்போதே அரோகரா சத்தம். பூக்காவடி, பால்காவடி, சந்தனம் பூசின மொட்டைத் தலைகள், தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கலந்த கூச்சல். மிதிபட்ட சாமந்தியும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாசம். வாசலில் அண்டா வைத்து நைனா எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் கூட நின்றிருந்தார்கள். அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

பெரியப்பா நைனாவுக்குப் பெரியப்பா மகன். வெளிநாட்டில் வேலை. நைனாவுக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை. காவடி வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு வந்திருந்தார். கூட்டத்தில் கார் வராமல் முனையிலேயே இறங்கி நடந்து வந்தார்கள்: அவர், பெரியம்மா, அவர்கள் பெண். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள், எனக்கு அக்கா முறை. கீழே ஜீன்ஸ் பேண்ட். மேலே எலுமிச்சம்பழ மஞ்சள், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. வெயிலில் இரண்டு தோளும் பளபளத்தன.

நைனா மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த அக்காமேல் போர்த்தி, “வெயில்ல அவசரத்துல சட்ட போட மறந்துட்டு வந்துட்டியேம்மா,” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “இந்தா, பொண்ணுக்கு ஒரு சட்ட கொண்டா” என்று அம்மாவிடம் சொன்னார்.

அக்கா துண்டை விலக்கிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். அதே நேரத்தில் என் தங்கை, ஜட்டியும் மஞ்சள் சிம்மீஸுமாக, வாசலுக்கு ஓடிவந்து அந்த அக்கா பக்கத்தில் போய் நின்றாள். “ஐ, எங்கூட்டு சிம்மீஸு,” என்றாள்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே மஞ்சள், ஒரே பூ, ஒரே வார். தெருக்காரர்கள் பார்த்தார்கள். பெரியம்மா குனிந்து தங்கையின் முதுகுப் பக்கம் தைத்திருந்த லேபிளைத் திருப்பிப் படித்தாள். தன் பெண்ணுடையதையும் படித்தாள். அதே கம்பெனிப் பெயர். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. “இது சிம்மீஸா? அங்க பெரிய கடைல தொங்கவுட்டு விக்கிறான் தம்பி. பொண்ணுங்க எல்லாம் இதப் போட்டுகினுதான் ரோட்ல போவுதுங்க. உள்ள போடற துணின்னு யாரு சொன்னது உனக்கு?”

தெருக்காரர்களும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த அத்தையைப் பார்த்து, “நீ தெச்சதா இது? நல்லா தெச்சிருக்கியே” என்றுகூடப் பெரியம்மா சொன்னாள். நைனாவும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில், விருந்தாளிகள் போன பிறகு, நைனா கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தையைக் கூப்பிட்டார். அம்மா ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“திங்கக்கிழம போவ வேணாம்,” என்றார்.

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த ஒரு வருஷம் அவளை வேறு ஆளாக்கியிருந்தது. “ஏன் அண்ணா?”

“ஊர்ப் பொண்ணுங்க தோளக் காட்டிகினு சுத்தறதுக்கு எங்கூட்டுப் பொண்ணு உக்காந்து தெச்சுத் தரணுமா?”

“உள்ள போடறதுன்னு நெனச்சுகினு இருந்தப்போ அது கௌரவமா இருந்துச்சு. அதே துணி, அதே வாரு. வெளிய போடறதுன்னு தெரிஞ்சதும் அசிங்கமா ஆயிடுச்சா? நான் இன்னாத்த மாத்தி தெச்சேன்?”

நைனா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார். அவர் இறங்கிவருகிறார் என்று எனக்குத் தோன்றியது. பதில் இல்லாவிட்டால் ‘என்னமோ பண்ணுங்க’ என்று எழுந்துபோகிறவர்தான் அவர். எழுந்துபோயிருப்பார். அப்போதுதான் அம்மா பக்கம் திரும்பி, “உனக்குத் தெரியுமா இது?” என்று கேட்டார்.

அம்மாவின் கை கீரைமேல் நின்றது.

“எனக்கு எப்டிங்க தெரியும்?” என்றாள். “சிம்மீஸுன்னுதான் நானும் நெனச்சுகினு இருந்தேன்.”

அத்தை அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நீங்கள்தானே அண்ணி முதலில் சொன்னது என்று அவள் கேட்டிருக்கலாம். பீரோவைத் திற என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, “ஆங். அண்ணிக்கு இன்னா தெரியும். நாந்தான் சொல்லல” என்றாள்.

அதோடு துணிப் பேச்சு முடிந்தது, பொய்ப் பேச்சு தொடங்கியது. கூடப் பிறந்தவனிடமே பொய் சொல்லிவிட்டு வருஷம் முழுக்க வண்டியேறிப் போயிருக்கிறாய், இன்னும் என்னென்ன மறைத்தாயோ என்றார் நைனா. துணிக்குப் பதில் சொன்ன அத்தை இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்.

இப்போது என் மகள் அந்த மாதிரி வார் வைத்ததைப் போட்டுக்கொண்டுதான் வீட்டிலும் வெளியிலும் இருக்கிறாள். நைனாவுக்கு வயதாகிவிட்டது, அவள் தட்டில் வைத்துக்கொடுக்கும் பழத்தை வாங்கித் தின்கிறார், தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அவர்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஊர் சிரித்ததைத் தாங்க முடியாமல் போய், அதைத் துணிமேல் போட்டார், பிறகு தன் தங்கைமேல் போட்டார். அது இப்போது தெரிகிறது. அம்மாமேல் கோபம் வரும். அப்புறம், தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்றும் நினைப்பு வரும். பொய் சொன்னவள் என்ற பேரோடு திரும்பிப் போக அவளுக்குத் தாய்வீடும் இல்லை. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

நைனா வழக்கம்போல் கரண்ட்டுக்காகப் போய்விட்டார். நான் பாத்திரச் சத்தத்தில் விழித்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, அத்தையின் டப்பாவில் அடுக்கி மூடி, துணிப்பையில் போட்டு வாசற்படி பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அத்தை கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளித்துத் தலை பின்னியிருந்தாள். தூங்கினவள் மாதிரித் தெரியவில்லை.

“வண்டிக்கு நேரமாயிடுச்சு பாப்பா,” என்றாள் அம்மா. “கெளம்பு. அவரு வந்தா நான் பேசிக்கிறேன்.”

“நேத்தே பேசியிருக்கணும் அண்ணி,” என்றாள் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை.

“இப்ப போனா புடிச்சிடலாம். நான் சொல்றேன் அவருகிட்ட. எல்லாத்தையும் சொல்றேன்.”

“நான் போயிடுவேன். சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள இங்க உங்களுக்கு இன்னா நடக்கும்?”

அம்மா பையை எடுத்து அத்தை மடியில் வைத்தாள். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதியது. எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். வந்து நிற்கும்போது ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. இரண்டாவது ஊதல் கேட்கும்வரை அம்மா நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தபோது, அத்தை அடுப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு ஆறி இறுகிப்போயிருந்தது.

“சூடா சோறு கீது பாப்பா, அதப் போட்டுக்கோயேன்,” என்றாள் அம்மா.

“பரவால்ல அண்ணி. எனக்குன்னு கட்டுனது,” என்றாள் அத்தை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் அம்மா டப்பா கட்டவில்லை.